பழைய எண்ணெய் என்று எழுதினேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் சொல்வார்கள், வேலையிடத்திலும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் ஒரு மனிதரைக் கள்ளனாக்கியது என் வாய் அல்ல, என் பேனா. அந்தக் கதையை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அம்பிட்டியவில் மேட்டுக்கு ஏறும் குறுக்குப் பாதை ஒன்றில் எங்கள் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு மெஷின், போத்தல்கள் அடுக்கிய ஓர் அலுமாரி, வருகிறவர்கள் உட்கார நாலு கதிரை. முதலாளி திகனக்காரர், முஸ்லிம். ஒரு காலத்தில் மின்சாரக் கொந்தராத்து வேலை எடுத்துச் செய்தவர். நான் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மட்டும் "மேடம்" என்பார். மேடம் என்று காதில் விழுந்தால் அன்றைக்கு ஏதோ பிழை செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

என் வேலை எண்ணெய் சோதிப்பது. சமையல் எண்ணெய் இல்லை. டிரான்ஸ்ஃபோமரிலும் பெரிய சுவிட்ச்சுகளிலும் ஊற்றுகிற எண்ணெய். வீட்டில் லைட் சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி பறப்பதை இருட்டில் பார்த்திருப்பீர்கள். அதே பொறி பதினோராயிரம் வோல்ட்டில் பறந்தால் அது பொறி அல்ல, தீ. அதனால்தான் அந்தச் சுவிட்ச்சின் செம்பு முனைகளை ஓர் இரும்புத் தொட்டிக்குள் எண்ணெயில் அமிழ்த்தி வைப்பார்கள். முனைகள் பிரியும்போது எழுகிற தீயை எண்ணெய் அமுக்கிவிடும். மின்சாரம் தாண்டக் கூடாத இடத்தில் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த எண்ணெய் கெட்டுப்போனால், காவல்காரனே கள்ளனானது மாதிரி. அமுக்க வேண்டிய எண்ணெயே எரிகிற பொருளாகிவிடும். ஒருமுறை ஒரு மில்லில் அப்படி வெடித்த தொட்டியைப் பார்த்தேன். கால் அங்குல இரும்பு கிழிந்து வெளியே மடிந்திருந்தது. கூரைத் தகடு முழுக்கக் கறுப்பு. நல்ல காலம், அந்த நேரம் அறைக்குள் ஆள் இல்லை.

சோதிக்கும் முறை லேசானது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்ற வேண்டும். கிண்ணத்துக்குள் காளான் தலை போல இரண்டு பித்தளைக் குமிழ்கள் எதிரெதிரே நிற்கும். நடுவில் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். மூடியைப் போட்டுவிட்டால் மெஷின் மெல்ல மெல்ல வோல்ட்டை ஏற்றும். எண்ணெய் தாங்கும் வரை தாங்கும். தாங்க முடியாத இடத்தில் "டக்" என்று ஒரு பொறி குறுக்கே பாயும். அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, கலக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, திரும்பவும். ஆறு முறை. நல்ல புது எண்ணெய் ஐம்பது, அறுபது ஆயிரம் வோல்ட் வரைக்கும் அசையாமல் நிற்கும். முப்பதுக்குக் கீழே போனால் அதைச் சுவிட்ச்சில் வைத்திருக்கக் கூடாது.

போன வருசம் தீபாவளிக்கு முந்திய வாரம், ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு போத்தல் வந்தது. இன்சூரன்ஸுக்கு வருசா வருசம் கேட்கிற சான்றிதழுக்காகத் தோட்டத்து வேன்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கபில நிறக் கண்ணாடிப் போத்தல், மூடியில் மெழுகு, முறையாகத்தான் எடுத்திருந்தார்கள். அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர்போகிற வலி. மேசையில் ஒன்பது போத்தல் காத்துக்கிடக்கின்றன. நானாவோ இரண்டு மணிக்குள் எல்லா அறிக்கையும் வேண்டும் என்று நிற்கிறார். கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

அந்த எண்ணெய் ஆறு முறையும் தோற்றது. முதல் முறை இருபத்தாறு. பிறகு பத்தொன்பது, பதினான்கு, இருபது, பன்னிரண்டு, பதினேழு. மோசமான இலக்கங்கள். இப்படி வருகிற எண்ணெய் பெரும்பாலும் வருசக்கணக்காய்க் கிடந்து கறுத்த எண்ணெய்தான். அறிக்கை ஆங்கிலத்தில் போகும். அதன் கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதையாவது எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எழுதி எழுதிப் பழகிய கை. தமிழில் சொன்னால் நான் எழுதியது இதுதான்: "பழைய எண்ணெய், மாற்றவும்." கையெழுத்துப் போட்டேன். பல் டாக்டரிடம் ஓடினேன்.

பத்து நாள் கழித்து ஒரு புருசனும் பொண்டாட்டியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சேர்ட். கதிரையைக் காட்டினேன், அவர் நுனியில் உட்கார்ந்தார். மனைவி உட்காரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், நான்தான் அந்தத் தோட்டத்து ஸ்டோர் எலக்ட்ரிசியன்" என்றார். தோட்டத்தில் தேயிலை ஃபேக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். "நீங்க எழுதுன ரிப்போர்ட்டால என்னைய வேலைய விட்டு நிப்பாட்டி வச்சிருக்காங்க."

"ரிப்போர்ட்ல உங்க பேரே இல்லையே" என்றேன்.

"பேரு இல்ல மிஸ். பழைய எண்ணெய்னு இருக்கு. புது பீப்பா வந்துச்சு, நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். நான்தான் பழசை வடிச்சுட்டுப் புதுச ஊத்துனேன். இப்ப உள்ளுக்குக் கெடக்குறது பழசுனா, புதுச எங்க வித்தேன்னு கேக்குறாங்க. வர்ற புதன்கிழமை விசாரணை."

இந்த எண்ணெயைக் களவாக விற்கிறவர்கள் உண்டு. கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே பேசினேன். "இங்க பாருங்க, மெஷின் பொய் சொல்லாது."

வாசலில் நின்ற மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "மெஷின் பொய் சொல்லாதுங்க மிஸ். எங்க வீட்டுக்காரரும் சொல்லமாட்டாரு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்கிட்ட வந்து கத்தி என்ன பிரயோசனம்? போய் உங்க துரைகிட்ட சொல்லுங்க. எண்ணெய் எப்பிடி இருக்குன்னு சொல்றதுதான் என் வேலை. யாரு எடுத்தா, யாரு வித்தான்னு பாக்குறது என் வேலையில்ல." உண்மையில் அந்தப் பெண் கத்தவே இல்லை. கத்தியது நான்.

அவர் எழுந்தார். "வா, போவோம்" என்று மனைவியிடம் சொன்னார். படியில் இறங்கப் போனவர் நின்று திரும்பினார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மிஸ், பழசுன்னு மெஷின் எழுதுச்சா, நீங்க எழுதுனீங்களா?"

ஏதோ போத்தலைத் தேடுகிறவள் போல அலுமாரியைத் திறந்துகொண்டு நின்றேன். அவர்கள் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

பின்னறையில் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வந்து மேசையில் கையை ஊன்றினார்.

"மேடம், அந்த மனுசன் கேட்டதுக்கு ஜவாபு செல்லல்லயே நீங்க."

"என்ன சொல்றது நானா? இலக்கம் அப்படித்தானே வந்திச்சு."

"இலக்கத்தயா கேட்டாரு? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்டு செல்லுவாங்க. ஒங்களுக்குப் புத்தி நல்லா ஈக்கி, அதுக்கு முன்னுக்கு ஆத்திரம் வந்து குந்திக்கிது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். ஆனால் நானா சொன்னது உண்மை. மெஷின் தந்தது ஆறு இலக்கங்கள். "பழைய எண்ணெய்" என்ற இரண்டு சொற்களும் என்னுடையவை. எண்ணெய் தோற்றது என்று மட்டும்தான் இலக்கம் சொல்லும். ஏன் தோற்றது என்று அது சொல்லாது. இதை மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

சோதித்து மிஞ்சிய எண்ணெயை நாங்கள் மூன்று மாதம் வைத்திருப்போம். அன்று பின்னேரமே அந்தப் போத்தலைத் தேடி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். எண்ணெய் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்திருந்தது. பழைய எண்ணெய் தேயிலைச் சாயம் போல இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் ஒரு காரல் வாடை அடிக்கும். இதில் ஒன்றும் இல்லை. அன்றும் இதே கிண்ணத்தில்தானே ஊற்றினேன்? இதே கண்ணால்தானே பார்த்தேன்? கண் பார்த்தது, கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போய்விட்டது. சீ என்று போய்விட்டது எனக்கு.

மெஷினின் மூடியில் ஒரு சின்னக் கண்ணாடி சன்னல் உண்டு. வழக்கமாக அதற்குள் யாரும் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்ப்போம். நான் அறை விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எண்ணெய்க்குள் மயிரிழையிலும் மெல்லிய நூல்கள் மிதந்தன. அவற்றை மேலிருந்து பார்த்தால் தெரியாது. வோல்ட்டை மிக மெதுவாக ஏற்றினேன். அங்குமிங்கும் அலைந்த நூல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. குமிழ்களின் பக்கம் நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நடு இடைவெளிக்குள் வந்து, ஒன்றின் நுனியை மற்றொன்று தொட்டு, இந்தக் குமிழுக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டன. இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். இத்தனை வருசத்தில் நின்று பார்த்தது அன்றுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே "டக்". பதினைந்து.

நூல் என்றால் ஈரம். பஞ்சு நூல் எங்கே கிடந்தாலும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஹுன்னஸ்கிரிய மூடுபனியில் கேட்கவா வேண்டும். ஈர நூல் மின்சாரத்துக்குப் போட்டுக்கொடுத்த பாதை.

மறுநாள் மிச்ச எண்ணெயைத் தாளில் வடிகட்டி, சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பச் சோதித்தேன். ஆறு முறையும் ஐம்பத்தைந்துக்கு மேல். பழைய எண்ணெயில் ஏறும் புளிப்பையும் சோதித்தேன், இல்லவே இல்லை. சந்தேகமே கிடையாது, பீப்பாயிலிருந்து வந்த புது எண்ணெய்.

நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"அப்ப அந்த நூல் எங்க ஈந்து வந்திச்சு?"

"தெரியாது நானா. போத்தல்ல ஒட்டியிருந்ததோ, தொட்டியிலயே இருக்கோ. போய்ப் பாத்தாதான் தெரியும்."

"புதன்கிழம காலயில திகனக்கு பஸ்ஸுல வந்துடுங்க. அங்க ஈந்து நான் வாகனத்துல கூட்டிப் போறன். இந்த வாட்டி வாயப் பூட்டிக்கிட்டுக் கண்ணத் தொறங்க தங்கச்சி."

தங்கச்சி என்று திரும்ப அவர் வாயில் வந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

புதன்கிழமை தெல்தெனிய தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. என் அறிக்கை போன நாளிலிருந்து அந்தச் சுவிட்ச்சைப் பாவிக்கவில்லையாம், வெளி லைனையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அரைவாசிக் கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறதாம். துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், முன்கூட்டியே நானா பேசியிருந்தார். விசாரணைக்கு முன்னால் தொட்டியை இறக்கிப் பார்க்கத் துரை அனுமதி கொடுத்து, எலக்ட்ரிசியனையும் வரச் சொல்லியிருந்தார்.

சுவிட்ச் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பொட்டை. இரும்புத் தொட்டியின் நெற்றியில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம், கைபிடியில் வாடிப்போன செவ்வந்தி மாலை. ஆயுத பூசை முடிந்து இவ்வளவு நாளாகியும் யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார்கள், அது தானாக விழ வேண்டும்.

எலக்ட்ரிசியனும் இன்னொரு மெக்கானிக்கும் தொட்டியை மெல்ல இறக்கினார்கள். டோர்ச்சை அடித்தேன். எண்ணெய் தெளிவு, அடி வரைக்கும் தெரிந்தது. அடியில், மூலைகளில், தொட்டியின் பற்றவைத்த விளிம்புகளில் எல்லாம் வெண்மையாக ஏதோ பூத்தது போல. குச்சியால் எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு நூல்.

"எண்ணெய் மாத்தும்போது தொட்டிய என்னத்தால தொடச்சீங்க?" என்று கேட்டேன்.

அந்த மனிதருக்கு அத்தனை நாளில் முதல் தடவையாக முகம் மலர்ந்தது. நிமிர்ந்து நின்றார். "புது வேட்டி மிஸ். பூசைக்கு முந்துன நாளுதான் எண்ணெய் மாத்துனோம். மத்த மெஷினுக்கெல்லாம் வேட்டித் துணியக் கிழிச்சுத் தொடைப்போம். பழந்துணி படக்கூடாதுல்ல. அதுல இதுதான் ஸ்டோருக்கே உசுரு. அதனால இதுக்கு முழு வேட்டி. தீபாவளிக்குன்னு நான் வாங்கி வச்சிருந்தது. உள்ள கைய விட்டு மூலமுடுக்கெல்லாம் தொடச்சேன். ஒரு பொட்டு கரி இருக்கல."

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆயுத பூசைக்கு முந்திய நாள் ரோலரையும் சல்லடையையும் புதுத் துணியால் பூப்போலத் துடைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். தேயிலை மெஷினுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் எண்ணெய்த் தொட்டிக்குள் துணியே போகக் கூடாது. கொஞ்சம் சுத்தமான எண்ணெயை ஊற்றிக் கழுவி வடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். புது வேட்டியோ இன்னும் மோசம். தண்ணீரே காணாத வேட்டியில் நூல் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பொறுமையாகச் சொன்னேன். நம்புங்கள், பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் என் விரலில் ஒட்டிய நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் சொல்லலையே மிஸ்."

"எழுதியிருக்கும். இந்தச் சுவிட்ச்சோட ஒரு புத்தகம் வந்திருக்கும்."

"அது ஆப்பீஸ் அலுமாரியில இருக்கு. இங்கிலீசு." தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "அப்ப நான் திருடல. ஆனா கெடுத்தது நான்தான். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றேன். "இத துரைகிட்ட சொன்னா கள்ளன்கிற பேரு போகும், பிழ செஞ்சவர்ங்கிற பேரு வரும். சொல்லவா?"

"சொல்லுங்க மிஸ். பிழ செஞ்சவன்னா தல நிமிந்து நடக்கலாம்."

துரையின் அறையில் நாங்கள் நாலு பேர். துரை சிங்களவர், இளவயது, மரியாதையாகப் பேசுகிறவர். எண்ணெயைப் பற்றிய என் அறிக்கை அவர் முன்னால் விரித்து வைக்கப்பட்டிருந்தது. என் கையெழுத்து எனக்கே தலைகீழாகத் தெரிந்தது. நான்தான் பேச வேண்டும் என்பது நானாவுக்கும் எனக்கும் தெரியும்.

சிங்களத்தில் சொன்னேன். இந்த ஆறு இலக்கங்களும் சரி, அவற்றை மெஷின் தந்தது. கீழே உள்ள இரண்டு சொற்களும் பிழை, அவற்றை நான் எழுதினேன். எண்ணெயைப் பார்க்காமல், பழக்க தோசத்தில் எழுதினேன். எண்ணெய் புதிது, இதோ வடிகட்டிச் சோதித்த இலக்கம். இந்த ஆள் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. இதை எழுத்திலும் தருகிறேன், எங்கே கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். என் காது சூடேறியிருந்தது. இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

துரை, தொட்டியிலிருந்து எடுத்துவந்த எண்ணெய்ப் போத்தலை வாங்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல்களைக் காட்டினேன். வேட்டிக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எலக்ட்ரிசியனைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வாருங்கள்" என்றார். தமிழிலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படியென்றால் பூசையிலிருந்து இரண்டு வாரம் எப்படி ஓடியது? ஒன்றும் ஆகவில்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நூல் ஈரம் குடிக்கக் குடிக்கத்தான் மோசமாகும். ஆனால் அது எப்போது வெடிக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. சுவிட்ச்சைப் போடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த நேரம் நூல்கள் முனைகளுக்கு நடுவில் வந்து நின்றிருந்தால் தொட்டி கிழிந்திருக்கும். கைபிடி தொட்டிக்கு நேர் முன்னால் இருக்கிறது. பிடித்திருக்கும் ஆள்..." நான் பார்த்த அந்த மில் தொட்டி கண்ணுக்குள் வந்துவிட்டது.

எலக்ட்ரிசியனுக்குச் சிங்களம் தெரியும். ஆனாலும் தமிழில் என்னிடம் திரும்பக் கேட்டார். "மொத நாளேகூட ஆகியிருக்குமா மிஸ்?"

"மொத நாளேகூட ஆகியிருக்கலாம். ஆகாதது நல்ல நேரம்."

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். திருடன் என்ற பேச்சை அம்பிட்டிய வரைக்கும் சுமந்துகொண்டு வந்த நாளில்கூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். துரைக்கும் அந்த நேரம்தான் ஞாபகம் வந்தது போல. பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்று நான் பக்கத்தில்தானே நின்றேன்" என்றார். "கைதட்டினேன். போட்டது..."

"எங்க வீட்டுக்காரிங்க சேர்" என்றார் அவர்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. பூசை முடிந்து கற்பூரம் காட்டியதும், ஸ்டோரில் வேலை செய்கிற பெண் ஒருத்தியின் கையால் முதல் சுவிட்ச்சைப் போடவைப்பது அங்கே வழக்கம். ஒவ்வொரு வருசமும் ஓர் ஆள். சல்லடைப் பகுதியில் பதினெட்டு வருசமாகத் தூசு தின்றுகொண்டிருக்கும் தன் மனைவிக்கு இந்த வருசம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் அவர்தான். கைபிடி கனமானது. தள்ளத் தெரியாமல் அந்தப் பெண் தயங்கியபோது, பயப்படாதே, கிட்டப் போய் நெஞ்சோடு அணைத்துத் தள்ளு என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

துரை ஏதோ ஆறுதல் சொன்னார். நானா "அல்லா காப்பாத்தினான்" என்றார். அந்த மனிதர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு எழுந்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. ஆப்பீஸ் படிக்குக் கீழே அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார், சல்லடைப் பகுதியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், தலைத்துண்டிலும் புருவத்திலும் தேயிலைத் தூசு. கொஞ்சம் தள்ளி ஸ்டோர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், தற்செயலாக நிற்பவர்கள் போல நின்றார்கள்.

"என்னங்க சொன்னாங்க?"

அவர் மேல்படியிலேயே நின்றார்.

"சொல்லுங்களேன். கள்ளன் இல்லைன்னு சொன்னாங்களா இல்லையா?"

நான்தான் சொன்னேன். "சொல்லிட்டாங்கம்மா. அவர் எடுக்கல. பிழையா எழுதுனது நான். அன்னைக்கு உங்கள்ட கத்துனதுக்கும் மன்னிச்சிக்கங்க."

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. திட்டாமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்குத் தெரியும் மிஸ், எனக்குத் தெரியும், சாமி மெஷினத் தொட்ட கை அவருது, திருடாது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். தேயிலைத் தூசு ஏறிக் காய்ந்த கை, என் கையில் சொரசொரவென்று பட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அவர் மனைவியின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியிறங்கி வந்து, என் கையிலிருந்து அதைப் பிரித்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டார். பத்துப் பேர் பார்க்கத் தோட்டத்து ஆம்பிளை எவரும் செய்யாத காரியம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னங்க இது, விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

அவர் விடவில்லை.